15 வயது காரை விற்காமல் ஓட்டுவது எப்படி?

என் வேகன்-ஆர் 2009 ஆகஸ்டில் பதிவானது. 15 ஆண்டு முடிய ஆறு வாரம் இருக்கும்போதுதான் ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், இருந்த காலாவதித் தேதியைப் பார்த்தேன். ஆறு வாரம் தாராளம் என்று நினைத்தேன். கடைசியில் புது ஆர்.சி. கைக்கு வந்தபோது நவம்பர் முடியப்போனது. மூன்று மாதம் வண்டி தெருவில் நின்றது, எலி ஒயரைக் கடித்தது, தாமதக் கட்டணமும் கட்டினேன். இத்தனைக்கும் வண்டியில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. காகிதத்தில்தான் கோளாறு.

தமிழ்நாட்டில் சொந்த உபயோகத்துக்குப் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். 15 வருடம் ஆனால் காரை உடைக்கப் போட வேண்டும் என்று டீக்கடையில் சொல்வார்கள். டெல்லி வட்டாரத்துக் கட்டுப்பாட்டையும், 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களுக்குப் புதுப்பித்தல் கிடையாது என்ற 2023 விதியையும் சேர்த்துக் குழப்பிக்கொண்ட கதை அது. நம் ஊரில் தனியார் காரைச் சோதனைக்குக் காட்டித் தேறினால் 5 ஆண்டுக்குப் புதுப்பித்துத் தருகிறார்கள். அது முடிந்ததும் மறுபடியும் புதுப்பிக்கலாம்.

1. ஆர்.சி.யை எடுத்து நான்கு இடங்களைப் பாருங்கள் (ஆறு மாதம் முன்னால்)

மெக்கானிக்கிடம் போகும் முன் இதைச் செய்யுங்கள்.

முதலில் தேதி. 15 ஆண்டு என்பது பதிவான நாளிலிருந்து கணக்கு. தயாரான மாதத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அடுத்தது பெயர். வண்டி அப்பா பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால், புதுப்பிப்பதற்கு முன் பெயர் மாற்றம் முடிந்திருக்க வேண்டும். படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் தேவைப்படும். சட்டப்படி இறந்த 30 நாளுக்குள் தகவல் தர வேண்டும், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வாரிசுச் சான்றுக்கே தாலுகா ஆபீசில் பல வாரம் போய்விடும் என்பதால் ஆறு மாதம்கூட இதற்குக் குறைவுதான்.

மூன்றாவது மொபைல் எண். வாகனப் பதிவு வேலைகளுக்கான அரசின் பரிவாகன் தளத்தில் எதைத் தொட்டாலும் ஓ.டி.பி. கேட்கும். 2009-இல் ஷோரூம்காரர் யாருடைய எண்ணைக் கொடுத்தாரோ, பல வண்டிகளுக்கு எண்ணே ஏறியிருக்காது. அதே தளத்தில் சேசிஸ் எண், என்ஜின் எண், பதிவுத் தேதி கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

நான்காவது ஹைபோதிகேஷன், அதாவது வண்டி மேல் கடன் இருக்கிறது என்று ஆர்.சி.யில் வங்கியின் பெயரைப் பதிந்திருப்பது. நான் மாட்டிக்கொண்டது இதில்தான்.

காரை லோனில் வாங்கினேன். 2014-இல் கடைசித் தவணை கட்டியதும் வங்கி தடையின்மைக் கடிதமும், கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்த படிவம் 35-ம் அனுப்பியது. பத்திரமாக ஃபைலில் வைத்துவிட்டு, லோன் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். அந்தக் காகிதங்களை ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்கினால்தான் லோன் உண்மையில் முடிகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பத்து வருடம் கழித்து அதே காகிதத்தை நீட்டினேன்.

“இது மூணு மாசம்தான் செல்லும் சார். புதுசா வாங்கிட்டு வாங்க” என்றார் கவுண்டரில் இருந்தவர்.

லோன் வாங்கிய கிளையே அந்த இடத்தில் இல்லை. மாறிப்போன கிளைக்குப் போனால், பழைய கணக்கு வேறு ஊரில் ஒரு மையத்தில் இருக்கிறது, மெயில் போடுங்கள் என்றார்கள். போட்டேன். நினைவூட்டினேன். நேரில் போய் நின்றேன். ஏழு வாரம் கழித்துப் புதுக் கடிதமும் படிவம் 35-இன் இரண்டு பிரதியும் வந்தன. அதற்குள் என் ஆர்.சி. காலாவதியாகி ஒரு மாதமாகியிருந்தது.

ஆகவே ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கார்டு கிடைக்காவிட்டால் எம்பரிவாகன் செயலியிலும் தெரியும். கார்டே தொலைந்திருந்தால் போலீஸ் புகார் நகலும் படிவம் 26-ம் வைத்து நகல் ஆர்.சி. வாங்க வேண்டும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

2. வண்டி தேறுமா? ரேம்ப்பில் ஏற்றிப் பாருங்கள்

செலவு செய்வதற்கு முன் செலவு செய்யலாமா என்று தெரிய வேண்டும். தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியை ரேம்ப்பில் தூக்கச் சொல்லி, நீங்களும் டார்ச்சோடு அடியில் நில்லுங்கள்.

துருவை முதலில் தேடுங்கள். கதவு ஓரத்துத் துருவும் மட்கார்டு துருவும் பார்வைக்குத்தான் அசிங்கம், டிங்கரிங்கில் போய்விடும். பயப்பட வேண்டியது முன்பக்க சஸ்பென்ஷன் தாங்கும் இடத்தின் துரு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதியின் துரு, தரைத் தகட்டின் துரு. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் சரி. பொத்தென்று அமுங்கினாலோ செதில் செதிலாக உதிர்ந்தாலோ அங்கேயே நிறுத்திவிடலாம். கடற்கரையோரத்திலேயே நின்ற வண்டிகளில் இது சகஜம். ஒட்டுப்போட்டு மேலே அண்டர்கோட்டிங் அடித்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். கோட்டிங் துருவை மறைக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் என்ஜின். காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து சைலன்சரைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெண்புகை ஓடிச் சூடான பிறகும் நிற்காமல் வந்து, கூலண்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் என்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை.

அடித்தகடு போயிருந்தால் புதுப்பிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். என்ஜின் மட்டும் போயிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டும் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் கழற்றி மாட்டும் வேலைதான்.

3. புதுக் காரின் கணக்கையும் அதே தாளில் எழுதுங்கள்

6 லட்சம் ரூபாய் காருக்கு வாழ்நாள் வரி மட்டும் 13 சதவீதம், அதாவது 78,000 ரூபாய். 5 லட்சம் கடன் வாங்கினால் 9 சதவீத வட்டிக்கு, ஐந்து வருடம், மாதம் ஏறத்தாழ 10,380 ரூபாய் தவணை. என் வண்டிக்கு டயர், பிரேக், பெல்ட், பேட்டரி, புஷ் எல்லாம் சேர்த்து ஆன செலவு 41,000. புதுக் காரின் நான்கு மாதத் தவணைக்குக்கூட வரவில்லை. உங்கள் வண்டிக்கு இது கூடலாம், குறையலாம். ஆனால் மெக்கானிக் சொல்லும் தொகையைக் கேட்டதும் “இந்த ஓட்டை வண்டிக்கா இவ்வளவு?” என்று காரின் விற்பனை விலையோடு ஒப்பிடாதீர்கள். தவணையோடு ஒப்பிடுங்கள்.

4. எதை முதலில் மாற்றுவது?

பழைய காரை எடுத்ததும் எல்லோருக்கும் பெயிண்ட் அடிக்கவும் சீட் கவர் போடவும்தான் ஆசை வரும். அதைக் கடைசியில் வையுங்கள். நிற்பது, திரும்புவது, சூடேறாமல் இருப்பது, இந்த வரிசையில் போங்கள்.

பிரேக். பேட், ஷூ இரண்டையும் பார்த்து, பின் சக்கர சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும். என் வண்டியிலிருந்து வடித்தபோது டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. முன் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள். எல்லாம் சேர்த்து எனக்கு 5,800.

டயர். பட்டன் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3219 என்றால் 2019-இன் 32-ஆவது வாரம் தயாரானது. ஆறேழு வருடம் தாண்டிய டயர் குறைவாக ஓடியிருந்தாலும் இறுகிப்போயிருக்கும், மழையில் பிடிக்காது. புது டயர் வாங்கும்போதும் கடையில் நின்று இதே எண்ணைப் பாருங்கள். எனக்கு முதலில் காட்டிய நான்கில் இரண்டு, இரண்டு வருடப் பழசு. நான்கும் சேர்த்து 14,500.

டைமிங் பெல்ட். என் வேகன்-ஆரின் 1061 சிசி என்ஜினில் பெல்ட்தான். பின்னால் வந்த கே-சீரிஸ் என்ஜின்களில் செயின். உங்களுடையது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெல்ட் என்றால் கடைசியாக எப்போது மாற்றியது என்பதற்கு பில் இருக்க வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் அறுந்தால் பல என்ஜின்களில் வால்வு வளைந்து ஹெட்டையே இறக்க வேண்டி வரும். பெல்ட்டைக் கழற்றும்போதே டென்ஷனர், வாட்டர் பம்ப் இரண்டையும் மாற்றினால் கூலி ஒன்றுதான்: 4,200.

கூலிங். நம் ஊர் கார்களைக் கொல்வது போர் தண்ணீர். ரேடியேட்டரில் அதை ஊற்றி ஊற்றி உள்ளே கெட்டிலில் படிவது போல உப்பு படிந்திருக்கும். சுத்தம் செய்து, கூலண்டை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றச் சொல்லுங்கள். ஹோஸ்களும் கிளிப்புகளும் புதுசு போடுங்கள். ஃபேன் சரியான சூட்டில் சுற்ற ஆரம்பிக்கிறதா என்று மெக்கானிக் ஷெட்டிலேயே காத்திருந்து பாருங்கள்.

பெட்ரோல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. 2009-இல் வந்த வண்டி அதற்காகச் செய்யப்பட்டதில்லை. எத்தனால் பழைய ரப்பரை ஊற வைக்கும், தண்ணீரையும் இழுக்கும். பெட்ரோல் ஹோஸ்களையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். வாரக்கணக்கில் வண்டியை எடுக்காமல் டேங்க்கில் பெட்ரோலைத் தேங்கவிடாதீர்கள். மைலேஜ் கொஞ்சம் குறையும், அதற்காக என்ஜினைப் பிரிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் புஷ்: பள்ளத்தில் இறங்கும்போது கடகடவென்று சத்தம் வந்தால் இவைதான். மாற்றிய பின் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

5. ஸ்பேர் எங்கே வாங்குவது?

சென்னையில் புது ஸ்பேருக்கு ஜி.பி. ரோடு, பழையதுக்குப் புதுப்பேட்டை. போகும் முன் பழைய பார்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், அல்லது அதில் இருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். “வேகன்-ஆர் புஷ்” என்று கேட்டால் மூன்று மாடலுக்கு மூன்று அளவு எடுத்துப் போடுவார்கள்.

கதவு, கண்ணாடி, பம்பர், ஹெட்லைட், சீட், ஜன்னல் ஏற்றும் மெஷின் போன்றவற்றைப் பழையதில் தைரியமாக வாங்கலாம். பிரேக் சாமான், ஸ்டீயரிங் சாமான், டயர், ரப்பர் எதையும் பழையதில் வாங்காதீர்கள். பழைய என்ஜின் வாங்கி மாற்றும் யோசனை இருந்தால், புது என்ஜின் எண் ஆர்.சி.யில் ஏற வேண்டும். பில் இல்லாமல் மலிவாகக் கிடைத்தது என்று மாற்றிவிட்டு, சோதனை நாளில் எண் பொருந்தாமல் நின்றவரை என் கண்ணாலேயே பார்த்தேன்.

மெக்கானிக்கிடம் மாற்றிய பழைய சாமான்களைப் பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். எங்கள் மெக்கானிக் முதல் நாள், “இதை வச்சு என்னண்ணே பண்ணப்போறீங்க?” என்று சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து கேட்காமலேயே எடுத்து வைத்தார்.

6. இன்சூரன்ஸும் புகைச் சான்றும்

இரண்டும் நடப்பில் இருந்தால்தான் விண்ணப்பம் நகரும். பழைய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு போதும் என்பது என் முடிவு. 1000 சிசி-க்குக் கீழே 2,094 ரூபாய், 1000 முதல் 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897, இதோடு ஜி.எஸ்.டி. சேரும். ஓட்டுநர்-உரிமையாளர் விபத்துக் காப்பீட்டையும் விடாதீர்கள். முழுக் காப்பீடு வேண்டுமானால் காப்பீட்டு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பாலிசி விட்டுப்போயிருந்தால் வண்டியை நேரில் பார்க்க ஆள் அனுப்புவார்கள்.

புகைச் சான்று பி.எஸ்.-4 புகைத் தரத்து வண்டிகளுக்கு ஒரு வருடம், அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதம்தான். வண்டியை ஒரு பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டுப் போங்கள்.

7. விண்ணப்பம்

காலாவதிக்கு 60 நாள் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும், அதற்கு முன் முடியாது. பரிவாகன் தளத்தில் வண்டி எண் கொடுத்துப் பதிவுப் புதுப்பித்தலைத் தேர்ந்தெடுத்தால் படிவம் 25 வரும்.

கார் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், கார்டுக்கு 200. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். இதோடு பசுமை வரி உண்டு, தளமே கணக்குப் போட்டுக் காட்டும். தாமதித்தால் மாதம் 500. எனக்கு அது மூன்று மாதத்துக்கு 1,500. கட்டணங்களை அடிக்கடி மாற்றுகிறார்கள், கட்டும் அன்று திரையில் வருவதுதான் கணக்கு.

பாக்கி இ-சலான் இருந்தால் தளம் அங்கேயே நின்றுவிடும். உங்களுக்குத் தெரியாமலே கேமராவில் விழுந்த அபராதம் இருக்கலாம், முன்கூட்டியே பார்த்துக் கட்டுங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: பழைய ஆர்.சி., கையெழுத்திட்ட படிவம் 25, காப்பீடு, புகைச் சான்று, பணம் கட்டிய ரசீது, ஆதார், முகவரிச் சான்று, பான், சேசிஸ் எண்ணின் பென்சில் அச்சு. எல்லாவற்றிலும் இரண்டு நகல். முகவரி மாறியிருந்தால் படிவம் 33-ஐயும் சேர்த்தே முடித்துவிடுங்கள்.

பென்சில் அச்சு என்பது சேசிஸ் எண் அடித்த தகட்டின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பது. முதல் நாள் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். என் வண்டியில் எண் இருந்த இடம் பிசுக்கு ஏறி மண்டிக் கிடந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மூன்று தாள் கிழித்து, நான்காவதில்தான் எண் தெளிவாக விழுந்தது. இதை ஆர்.டி.ஓ. வாசலில், வெயிலில், பின்னால் நிற்பவர் ஹார்ன் அடிக்கும்போது செய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

8. சோதனை நாள்

வண்டியைக் கழுவிக்கொண்டு சீக்கிரம் போங்கள். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் இருந்தால் முதல் நாளே உரித்துவிடுங்கள். பம்பருக்கு முன்னால் பொருத்திய இரும்புத் தடுப்பு, ஸ்டைலாக எழுதிய நம்பர் பிளேட், ஏர் ஹார்ன், கண் கூசும் வெள்ளை பல்பு எல்லாம் கழன்றுவிட வேண்டும். மஞ்சளான ஹெட்லைட்டைப் பாலிஷ் போடுங்கள். எல்லா விளக்கும், வைப்பரும், ஹார்னும், சீட் பெல்ட்டும், கை பிரேக்கும் வேலை செய்கின்றனவா என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். அன்று எனக்கு முன்னால் நின்ற கார் நம்பர் பிளேட் விளக்கு எரியாமல் திரும்பிப்போனது. இருபது ரூபாய் பல்புக்கு இன்னொரு நாள் லீவு.

ஆய்வாளரை இன்னும் பாதிப் பேர் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்கிறார்கள். என் வண்டியைப் பத்து நிமிடம் பார்த்தார். எண்களைச் சரிபார்த்தார், விளக்குகளைப் போடச் சொன்னார், கொஞ்ச தூரம் ஓட்டிப் பிரேக் அடிக்கச் சொன்னார்.

“நல்லா வச்சிருக்கீங்க. எத்தனை கிலோமீட்டர்?”

“ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் சார்.”

“அவ்வளவுதானா?” என்று கையெழுத்துப் போட்டார்.

வாசலில் புரோக்கர்கள் இருப்பார்கள். பேப்பரெல்லாம் சரியாக இருந்தால் அவர்கள் செய்ய மிச்சம் ஒன்றும் இல்லை.

ஆர்.சி. முடிந்த பிறகு வண்டியைத் தெருவில் எடுக்காதீர்கள். செல்லும் பதிவு இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 5,000 வரை அபராதம். அது போகட்டும், விபத்தானால் கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகிவிடும். வண்டியை நிறுத்தி வைக்க நேர்ந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, பானெட்டுக்குள் புகையிலையைத் துணியில் முடிந்து வையுங்கள். எலிக்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் அது. நான் வைக்கவில்லை, ஒயரிங்குக்கு 1,700 போனது.

9. என்றாவது கைவிடுவதாக இருந்தால்

பழைய இரும்புக் கடைக்காரர் கூடுதல் விலை தருகிறார் என்று வண்டியைத் தள்ளிவிடாதீர்கள். ஆர்.சி. உங்கள் பெயரிலேயே இருக்கும், சேசிஸ் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. அரசு அங்கீகாரம் பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்தால் வைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் புது வண்டி பதிவுக் கட்டணத்தில் விலக்கு உண்டு. பழைய ஆர்.சி. ரத்தாகிவிட்டதா என்று தளத்தில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்த பிறகே அந்த ஃபைலை மூடுங்கள்.